ரா படத்தை ஜேபெக் ஆக்குவது எப்படி?

கேள்வி: கேமராவில் ரா வடிவில் எடுத்த படத்தை போட்டோஷாப்பில் திறந்து திருத்துகிறேன். ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் பட்டியலில் ஜேபெக் இல்லையே, ஏன்?

பதில்: உங்கள் படத்தில் லேயர்கள் இருக்கலாம், அல்லது அது 16 பிட்டில் திறந்திருக்கலாம். ஜேபெக் லேயர்களை ஏற்காது. ஒரு வண்ணத்துக்கு 8 பிட், அதாவது 256 நிலைகள்தான் அதில் அடங்கும். 14 பிட் ரா கோப்பிலோ 16,384 நிலைகள். 2021-க்குப் பிந்தைய போட்டோஷாப்பில், படத்தில் உள்ளதை முழுதாகக் காக்கும் வடிவங்களை மட்டுமே ‘சேவ் ஆஸ்’ காட்டும். ஆகவே, ஃபைல் மெனுவில் ‘சேவ் எ காப்பி’ கொடுங்கள்; அங்கே ஜேபெக் இருக்கும்.

தரத்தை 12 அளவுகோலில் 10 வைத்தாலே பெரும்பாலும் போதும். 12 வைத்தால் கோப்பு பெரிதாகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது. வாட்ஸ்அப்பிலோ இணையத்திலோ போடுவதற்கு வண்ண வெளியை (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அடோபி ஆர்ஜிபியில் விட்டால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும். 4×6 அங்குலப் பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும்.

நிறையப் படங்கள் என்றால் ஒவ்வொன்றாகச் சேமிக்க வேண்டாம். ரா படங்களைத் திறக்கும்போது போட்டோஷாப்பில் வரும் ‘கேமரா ரா’ சாளரத்திலேயே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘சேவ் இமேஜ்’ கொடுக்கலாம். லைட்ரூம் மென்பொருளில் அதே வேலையை ‘எக்ஸ்போர்ட்’ செய்யும்.

இடம் மிச்சமாகும் என்று ரா கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். வெயில், நிழல், டியூப்லைட் என நிறச்சமநிலையைப் பின்னால் தாராளமாக மாற்ற ராவில்தான் முடியும்.