நிமிர்ந்தால் இடுப்பு வலிக்கிறதே!

கேள்வி: வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். துணி எடுக்க விழுப்புரம் போய்வந்தால் தோள்பட்டை இறுகிவிடுகிறது. "கூன் போடாதே" என்கிறார் மாமியார். நிமிர்ந்தாலோ இடுப்பு வலிக்கிறது. என்ன செய்ய?
- வாசகி, திண்டிவனம்

பதில்: நீங்கள் நிமிர்வது இடுப்பை வளைத்து. நிமிர வேண்டியது மேல்முதுகு. விலா எலும்புகள் சேரும் 12 முள்ளெலும்புகள் அங்கே இருக்கின்றன. உடம்பைத் திருப்புவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். மணிக்கணக்காக ஊசியையே பார்த்துக் குனிந்திருந்தால் அந்தப் பகுதி இறுகிப்போகும். அதன் வேலையும் கழுத்து, இடுப்பின் மேல் விழும்.

ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டுங்கள். மல்லாந்து படுத்து, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி மட்டத்தில் அதைக் குறுக்காக வையுங்கள். முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கி, மூச்சை விட்டபடியே மெல்லப் பின்னால் சாயுங்கள். இடுப்பைத் தூக்கினால் பயிற்சி வீண். எட்டுத் தடவை செய்துவிட்டு, துண்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தி மறுபடி செய்யுங்கள். எலும்பு தேய்ந்த பெரியவர்களுக்கு இது வேண்டாம். மாமியார் ஆசைப்பட்டாலும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி கைகளை மார்பில் கட்டி, இடுப்பை அசைக்காமல் இரண்டு பக்கமும் திரும்புங்கள். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தைக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பது இதைவிட முக்கியம்.

கை மரத்துப்போவது, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மாலைக் காய்ச்சலோடு எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்துங்கள். முதுகெலும்பில் வரும் காசநோய் நம்மிடையே இன்னும் இருக்கிறது. திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உடனே காட்டிவிடுங்கள்.