குடியுரிமை நேர்முகம்: ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் முறை

கனடியக் குடியுரிமை வழங்குவது மத்திய அரசின் பொறுப்பாகும். அதில் தீர்மானம் எடுக்கும் அதிகாரம் நகராட்சிக்கு இல்லை. எனினும், நேர்முகத்துக்கான அறிவித்தல் கையில் கிடைத்த பின்னரே பலர் ஆவணங்களைத் தேடத் தொடங்குவதால் இப்பாடம் இங்கு இடம்பெறுகிறது.

நேர்முகத்தில் அதிகாரி செய்வது பெரும்பாலும் ஒப்புநோக்கும் வேலையே. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியவை, கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகள், நிரந்தர வதிவிடப் பத்திரம் ஆகியன ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என அவர் பார்ப்பார். ஆகவே, அதே ஒப்புநோக்கலை வீட்டு மேசையில் நீங்கள் முதலில் செய்து பார்ப்பதே சிறந்த ஆயத்தம்.

விண்ணப்பத்தோடு பிரதியாக அனுப்பிய ஒவ்வொன்றினதும் மூலப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். நிரந்தர வதிவிட அட்டை, கனடாவில் தரையிறங்கியபோது தரப்பட்ட பத்திரம், அடையாள ஆவணங்கள் இரண்டு ஆகியனவும் வேண்டும். 18 முதல் 54 வயது வரையானோர் மொழித் தகைமைச் சான்றையும் எடுத்துச் செல்லல் வேண்டும். கணிப்புக்குரிய ஐந்து ஆண்டுகளிலும் உங்களிடம் இருந்த கடவுச்சீட்டுகள் அனைத்தும் தேவை. காலாவதியானவையும் இதில் அடங்கும். பழைய கடவுச்சீட்டைப் பயனற்றதெனக் கருதி எறிந்துவிடுவோர் உளர். அதைப் போன்ற பெருந்தவறு வேறில்லை. அது தொலைந்திருந்தால், தொலைந்த விதத்தை எழுத்தில் விளக்கி வைத்திருங்கள். எல்லைச் சேவைகள் முகவரகத்திடமிருந்து உங்கள் பயணப் பதிவைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கட்டணமின்றிப் பெறவும் முடியும். பதில் வர வாரங்கள் பல ஆகலாம் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். நிரந்தர வதிவிட அட்டை காலாவதியாகியிருப்பது விண்ணப்பத்துக்குத் தடையன்று. இதை அறியாமல் வீணே ஆண்டுகளைக் கடத்தியோரும் உண்டு.

அடுத்தது நாட்கணக்கு. விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருத்தல் வேண்டும். அக்காலப் பகுதியில் நிரந்தர வதிவிடம் பெறுமுன், தற்காலிக அனுமதியுடனோ பாதுகாக்கப்பட்டவராகவோ இருந்த நாள் ஒவ்வொன்றும் அரை நாளாகக் கணிக்கப்படும்; இவ்வாறு சேர்வது 365 நாட்களுக்கு மேற்படாது. புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களே. உதாரணமாக, ஜூலை 10 இல் யாழ்ப்பாணம் புறப்பட்டு ஆகஸ்ட் 20 இல் திரும்பியவர் இழப்பது 40 நாட்களாகும். பயணங்களை நினைவிலிருந்து எழுதாமல் விமானச் சீட்டு, மின்னஞ்சல், முத்திரை ஆகியவற்றைப் பார்த்து எழுதுங்கள். பஃபலோவுக்குத் தரைவழியே சென்று வந்த வார இறுதிகளே பெரும்பாலும் மறந்துபோகின்றன. ஐந்து ஆண்டுகளுள் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு, சட்டப்படி கடமைப்பட்டிருந்தால், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்திருப்பதும் அவசியம்.

எம்மவரிடையே மிகுந்த சிக்கலைத் தருவது பெயரே. தந்தை கந்தையா, மகன் சிவகுமார் என வைத்துக்கொள்வோம். ஊரில் க. சிவகுமார் என்றே அவர் அறியப்பட்டார். குடும்பப் பெயர் என ஒரு கட்டம் இங்குள்ள படிவங்களில் இருப்பதால், ஓர் ஆவணத்தில் கந்தையா குடும்பப் பெயராகிறது. இன்னொன்றில் சிவகுமாரே குடும்பப் பெயராகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும். திருமணத்தின் பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கோ இது இரட்டிப்புச் சிக்கல். இது எவருடைய குற்றமும் அன்று. இரு வேறு பெயரிடும் மரபுகள் சந்தித்ததன் விளைவு. ஆயினும் விளக்கம் தர வேண்டியவர் நீங்களே. முன்னர் பயன்படுத்திய பெயர்களைக் கேட்கும் பகுதியில் எல்லா வடிவங்களையும் எழுதியிருக்கிறீர்களா எனச் சரிபாருங்கள். விடுபட்டிருந்தால், நேர்முக நாள்வரை காத்திராமல் குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என நொத்தாரிசு முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசி பெரிதும் உதவும்.

பிள்ளைகளுக்காக விண்ணப்பித்த பெற்றோர் பிறப்புச் சான்றிதழிலுள்ள தங்கள் பெயரையும் இவ்வாறே ஒப்பிடல் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்புத் தேவை. மொழிபெயர்ப்பவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் உங்கள் உறவினராக இருத்தலாகாது. ஒன்ராறியோ மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்றவரிடம் செய்வித்தால் தனியாகச் சத்தியக் கடதாசி வேண்டியதில்லை.

அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் இப்பந்தியைச் சற்று நின்று வாசியுங்கள். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாப்புத் தேடி வெளியேறிய நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவரினதும் அந்நாட்டுக்குச் சென்று வந்தவரினதும் அகதிப் பாதுகாப்பை முடிவுறுத்துமாறு அரசு கோரலாம். அக்கோரிக்கை வென்றால் நிரந்தர வதிவிடமும் பறிபோகக்கூடும். பெற்றோரின் இறுதிக் கிரியைக்காக இலங்கை சென்று வந்தவர்களுக்கும் இக்கேள்வி எழலாம். குடியுரிமை விண்ணப்பத்தின்போதே இத்தகைய பயணங்கள் பல வெளிப்படுகின்றன. அதற்காகப் பயணத்தை மறைப்பது தீர்வாகாது. பொய்த் தகவல் தந்தவராகக் காணப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் குடியுரிமை பெற இயலாது. உங்களுக்கு இந்நிலை பொருந்துமாயின், விண்ணப்பிப்பதற்கு முன்னரும், ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் நேர்முகத்துக்கு முன்னரும், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் கட்டாயம் சந்தியுங்கள். வருமானம் குறைந்தோர் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பை நாடலாம். அயலவரின் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நேர்முகம் காணொளி வழியாக நடைபெறுமாயின், கடவுச்சீட்டின் பக்கங்களைக் கமராவில் தெளிவாகக் காட்டக்கூடிய வெளிச்சமான இடத்தில் அமருங்கள். குறித்த நாளில் வர இயலாவிடின், அறிவித்தலில் கூறப்பட்ட முறைப்படி உடனே தெரிவியுங்கள். வீடு மாறியிருந்தால் புதிய முகவரியையும் அறிவித்துவிடுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகள் சிலவற்றில் குடியமர்வுப் பணியாளர்கள் இலவசமாக உதவுகின்றனர். உங்களுக்கு அண்மையிலுள்ள சேவையை அறிய 211 என்ற இலக்கத்தை அழைத்து, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள்.