திரையில் பைபிள் கதை பார்க்கும்போது

தவக்காலத்தில் திருவாரூர்ப் பக்கத்து வீடுகளிலும் டிவியில், செல்போனில் இயேசு படங்கள் ஓடும். தாராளமாகப் பாருங்கள், பக்கத்தில் ஒரு பைபிளும் இருக்கட்டும்.

படம் எதை வைத்து எழுதப்பட்டது என்று முதலில் விசாரியுங்கள். தமிழிலும் டப்பிங் செய்யப்பட்ட 1979ஆம் ஆண்டு 'இயேசு' படம் லூக்கா நற்செய்தியை ஒட்டிப் போகிறது. 2004இல் வந்த 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்', ஆன் கேத்தரின் எமெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியின் தரிசனங்களாக எழுதப்பட்டவற்றையும் சேர்த்துக்கொண்டது. சாட்டையடிக் காட்சிகள் மிகக் கடுமையானவை, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மகதலா மரியாளை விலைமகளாகக் காட்டினால் படத்தை நிறுத்தி லூக்கா 8ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஏழு பேய்கள் நீங்கியவள், இயேசுவுக்குத் தன் உடைமையால் உதவிய பெண்களில் ஒருத்தி, அவ்வளவுதான். 591 வாக்கில் போப் முதலாம் கிரகோரி, முந்தைய அதிகாரத்தில் வரும் பாவியான பெண்ணும் இவளும் ஒருத்தியே என்று பிரசங்கித்தார். அந்தப் பழியைத் திரை இன்னும் சுமத்துவது அநியாயம்.

குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளைத் திரையில் மூவராகக் காட்டினாலும், மூவர் என்று மத்தேயு நற்செய்தி சொல்லவில்லை. காணிக்கைகள்தான் மூன்று.

கற்பனை சேர்ப்பதே குற்றமல்ல, நாடகத்துக்கு வசனம் வேண்டும். ஆனால் யூதர்கள் எல்லோரையும் கொடியவர்களாகக் காட்டினால், இயேசுவும் சீடர்களும் யூதர்களே என்று பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.

படம் முடிந்த அன்றே, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் மாற்கு 14, 15ஆம் அதிகாரங்களை வாசியுங்கள். அரை மணி நேரம் போதும்.