பளபளக்கும் திரையா, மேட் திரையா?



என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர், ஒரு நாள் தம் புதிய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் கவலை. "சார், கடையில் பார்த்தபோது படம் அவ்வளவு பளிச்சென்று இருந்தது. வீட்டில் பகல் நேரத்தில் படிக்கவே முடியவில்லை. திரை கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது" என்றார்.

நான் கணினியை இயக்காமலே திறந்து வைத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

"என் முகம் தெரிகிறது. பின்னால் இருக்கும் சன்னலும் தெரிகிறது."

திரை கெட்டுப்போகவில்லை. அது ஒரு சமதள ஆடியின் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. ஆடியின் மேல் எழுத்தை எழுதி வைத்துப் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் எளிதாக இருக்கும்?

புகைப்பட நிலையத்தில் "கிளாஸியா, மேட்டா?" என்று கேட்பார்கள் அல்லவா? மடிக்கணினித் திரைகளும் அவ்வாறே இரு வகை. ஒன்று கண்ணாடிபோல் பளபளக்கும் திரை. மற்றது சற்றே மங்கலான, பளபளப்பற்ற மேட் திரை. வாங்கிய பின் இதை எளிதில் மாற்ற இயலாது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளுக்கு, எட்டாம் வகுப்பிலிருந்து நாம் படித்துவரும் ஒளியியலைச் சிறிது பயன்படுத்திப் பார்ப்போமே!

நூற்றுக்கு நான்கு

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது. எவ்வளவு என்பதைக் கண்ணாடியின் விலகல் எண்ணைக் கொண்டே கணக்கிடலாம். விலகல் எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். விலகல் எண்ணோடு 1-ஐக் கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். கண்ணாடியின் விலகல் எண் ஏறக்குறைய 1.5. ஆகவே (1.5 − 1) ÷ (1.5 + 1) = 0.2. இதன் வர்க்கம் 0.04. அதாவது, நேராக வந்து விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு எதிரொளிக்கப்படுகிறது.

"நான்கு பங்குதானே! இதற்கா இவ்வளவு தொல்லை?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த நான்கு பங்கு எதிலிருந்து வருகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளப்பர். இதை இங்கே சுருக்கமாக 'அலகு' என்போம். மடிக்கணினித் திரையின் வெண்மை 250 அலகு என்றும், கருமை 0.25 அலகு என்றும் கொள்வோம். வெண்மை கருமையைப் போல் 1000 மடங்கு. இருட்டறையில் இந்த வேறுபாடு அப்படியே நம் கண்ணுக்குக் கிட்டும்.

இப்போது பகல் நேரம். உங்கள் முதுகுக்குப் பின் ஒரு சன்னல் இருக்கிறது. அதன் வழியே தெரியும் வானம் 3000 அலகு என்று வைத்துக்கொள்வோம். இதில் நூற்றுக்கு நான்கு என்றால் 120 அலகு. சன்னலின் பிம்பம் விழும் இடத்தில் வெண்மை 370 ஆகிறது. கருமையோ 0.25-லிருந்து 120-க்குத் தாவிவிடுகிறது! இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1000 மடங்கிலிருந்து மூன்றே மடங்காகக் குறைந்துவிட்டது. எழுத்து தெரியாமற் போவதில் வியப்பென்ன?

இன்னொரு தொல்லையும் உண்டு. சமதள ஆடியில் பொருள் எவ்வளவு தொலைவு முன்னே இருக்கிறதோ, அவ்வளவு தொலைவு பின்னே மாயபிம்பம் தோன்றும். திரை உங்களிடமிருந்து அரை மீட்டரில் இருக்க, சன்னல் திரையிலிருந்து மூன்று மீட்டரில் இருந்தால், சன்னலின் பிம்பம் உங்கள் கண்ணிலிருந்து மூன்றரை மீட்டரில் இருக்கும். ஒரே திசையில் அரை மீட்டரில் எழுத்து, மூன்றரை மீட்டரில் சன்னல்! எதைக் குவித்துப் பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது.

பங்கிடும் பரப்பு

மேட் திரை என்ன செய்கிறது? "ஒளியை எதிரொளிக்காமல் உறிஞ்சிவிடுகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. அதுவும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பத்தான் செய்கிறது. திருப்பும் விதம்தான் வேறு.

மேட் திரையின் மேற்படலத்தில் மிக நுண்ணிய மேடு பள்ளங்கள் உள்ளன. பிசின் போன்ற பூச்சில் நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கலந்து இவற்றை உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு மேட்டின் சரிவும் ஒரு சிறு ஆடி. ஒவ்வொன்றிலும் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமே. விதி எங்கும் மீறப்படவில்லை. ஆனால் சரிவுகள் பல திசைகளை நோக்கி இருப்பதால், ஒரே திசையில் வந்த கதிர்கள் பல திசைகளில் பிரிந்து போகின்றன. உங்கள் பாடநூலில் உள்ள ஒழுங்கற்ற எதிரொளிப்பு இதுவே.

பளபளக்கும் திரை சன்னலின் ஒளி முழுவதையும் ஒரே திசையில் அனுப்புகிறது. அந்தத் திசையில் உங்கள் கண் இருந்தால் முழுத் தொல்லை. இல்லாவிட்டால் தொல்லையே இல்லை. மேட் திரை அதே ஒளியை எல்லாத் திசைகளுக்கும் பங்கிட்டுத் தருகிறது. உங்கள் கண்ணுக்கு ஒரு சிறு பங்கே வரும். ஆனால் தலையை எங்கே நகர்த்தினாலும் அந்தச் சிறு பங்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

எண்களில் பார்ப்போம். மேட் திரையில் சன்னல் ஒளி பரவி, திரை முழுவதும் 5 அலகு சேர்ப்பதாகக் கொள்வோம். வெண்மை 255, கருமை 5.25. வேறுபாடு ஏறக்குறைய 49 மடங்கு. எழுத்தைப் படிக்க இது தாராளம். பளபளக்கும் திரையில், சன்னலின் பிம்பம் விழாத இடத்தில் 50 அலகுள்ள சுவர் தெரிகிறது என்றால், அது சேர்ப்பது 2 அலகுதான். அங்கே வேறுபாடு 112 மடங்கு. ஆகவே பளபளக்கும் திரையில் ஓரிடம் மிக நன்று, ஓரிடம் மிக மோசம். மேட் திரையில் எல்லா இடமும் நடுத்தரம்.

ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்கியிருக்கிறீர்களா? நனைந்த கல் அடர்ந்த நிறத்தில் மின்னும். அதே கல் காய்ந்ததும் வெளிறிவிடும். காய்ந்த கல்லின் சொரசொரப்பான பரப்பு வெள்ளொளியை எல்லாத் திசைகளிலும் சிதறி, கல்லின் சொந்த நிறத்தின்மேல் ஒரு வெண்திரையைப் போர்த்துகிறது. நீர்ப்படலம் பரப்பை வழவழப்பாக்கியதும் அந்த வெண்திரை நீங்கிவிடுகிறது. பளபளக்கும் திரையில் நிறங்கள் ஆழமாகத் தெரிவதற்கும், மேட் திரையில் அவை சற்றே வெளிறித் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

எழுத்துக்கு என்ன ஆகிறது?

மேடு பள்ளங்கள் வெளியிலிருந்து வரும் ஒளியை மட்டும் சிதறச் செய்வதில்லை. திரைக்குள்ளிருந்து உங்களை நோக்கி வரும் ஒளியையும் சிறிது திசைமாற்றுகின்றன. இதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். படம் வரையப் பயன்படும் டிரேசிங் தாள் ஒன்றை அச்செழுத்தின்மேல் ஒட்டினாற்போல் வையுங்கள். எழுத்து தெரியும். தாளை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். எழுத்து கலங்கி மறைந்துவிடும். சிதறச் செய்யும் பரப்பு பொருளுக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு தெளிவு. எனவேதான் மேட் பூச்சு, படப்புள்ளிகளை ஒட்டிய மேற்படலத்திலேயே இடப்படுகிறது.

அப்படியும் சிறிது இழப்பு உண்டு. 15.6 அங்குலத் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகள் இருந்தால், ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.18 மில்லிமீட்டர். இதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு பகுதிகள். பூச்சின் மேடுகள் சிறு வில்லைகள்போல் செயல்பட்டு, ஒரு பகுதியைப் பெரிதாக்கியும் மற்றொன்றை மறைத்தும் காட்டலாம். வெண்மையான பக்கத்தில் பொடிமணல் தூவியதுபோன்ற மினுமினுப்பு சில மேட் திரைகளில் தெரிவது இதனால்தான்.

மூன்றாவது வழி

பங்கிடுவதற்குப் பதிலாக, அந்த நான்கு பங்கையே குறைக்க முடியாதா? முடியும். 1886-ஆம் ஆண்டிலேயே ராலே பிரபு, நாள்பட்டு மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிடக் கூடுதலாக ஒளியை உள்ளே விடுவதைக் கண்டார். 1935-இல் ஜெர்மனியில் ஸ்மகுலா, வில்லைகளின்மேல் மெல்லிய படலம் படியவைத்து எதிரொளிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டறிந்தார். 1938-இல் அமெரிக்காவில் காதரின் பிளாட்ஜெட் அம்மையார், சோப்பைப் போன்ற பேரியம் ஸ்டியரேட் என்னும் பொருளை ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலங்களாக, 44 அடுக்குகள் கண்ணாடியின்மேல் ஏற்றினார். கண்ணாடி கண்ணுக்கே தெரியாததுபோல் ஆயிற்று! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே.

தத்துவம் எளிது. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலையும், அடிப்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அரை அலைநீள வேறுபாட்டுடன் சேர்ந்தால், ஒன்றின் முகடு மற்றதன் அகட்டில் பொருந்தி இரண்டும் அழிந்துவிடும். இதுவே குறுக்கீட்டு விளைவு. மக்னீசியம் புளோரைடின் விலகல் எண் 1.38. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர். 550-ஐ நான்கால் வகுத்து, மீண்டும் 1.38-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100 நானோமீட்டர். இவ்வளவு தடிமனுள்ள ஒரே படலம், எதிரொளிப்பை நூற்றுக்கு நான்கிலிருந்து சுமார் ஒன்றரைக்குக் குறைத்துவிடும். எதிரொளிக்காத ஒளி உள்ளே சென்றுவிடுகிறது, ஆற்றல் அழியவில்லை.

இங்கே கடைத்தாளில் காணும் இரு சொற்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். 'ஆன்டி-கிளேர்' என்றால் பெரும்பாலும் மேட் பூச்சு. அதாவது ஒளியைப் பங்கிடுவது. 'ஆன்டி-ரிஃப்ளெக்டிவ்' என்றால் குறுக்கீட்டுப் படலம். அதாவது ஒளியைக் குறைப்பது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்த திரைகளும் உண்டு.

தொடுதிரை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கண்ணாடிக்கும் படத்திரைக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால், எதிரொளிக்கும் பரப்புகள் மூன்றாகிவிடும். நான்கு பங்கு பன்னிரண்டை நெருங்கும். இடைவெளியைத் தெளிந்த பசையால் நிரப்பிய திரைகளில் இத்தொல்லை குறைவு.

கடைக்குப் போகும்போது

கடையில் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருக்கும். வண்ணப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். படம் பிரகாசமாக இருப்பதால் பிம்பம் தெரியாது. அதில் மயங்காதீர்கள். முதலில் திரை அணைந்திருக்கும்போது பாருங்கள். கடையின் குழல் விளக்கு கம்பிபோல் கூர்மையாகத் தெரிந்தால் பளபளக்கும் திரை, வெண்புகைபோல் பரவித் தெரிந்தால் மேட் திரை. பிறகு கருநிறப் பின்னணியுள்ள ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அடுத்து, வெண்ணிறப் பக்கத்தில் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆனால் முக்கியமான சோதனையைக் கடையில் செய்ய இயலாது. வீட்டில்தான் செய்ய வேண்டும். நீங்கள் படிக்கும் இடத்தில் அமர்ந்து திரும்பிப் பாருங்கள். முதுகுக்குப் பின் என்ன இருக்கிறது? சன்னலா, விளக்கா, வெறும் சுவரா? விளக்கையோ மேசையையோ நகர்த்த உங்களால் முடியுமா? தனி அறை உண்டு, வெளிச்சம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, படங்களும் வண்ண வேலைகளும் மிகுதி என்றால் பளபளக்கும் திரை நிறைவு தரும். ஒரே கூடத்தில் வீட்டார் அனைவரோடும் இருந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து படிப்பவர்க்கு மேட் திரையே உற்ற துணை. நேர் வெயிலில் இரண்டும் உதவா. ஒரு லட்சம் லக்ஸ் வெயிலில் மேட் திரை சேர்க்கும் வெண்மையே ஆயிரம் அலகைத் தாண்டும். 250 அலகுத் திரை அதன்முன் என் செய்யும்?

என் மாணவரின் வீட்டில் மேசையை நகர்த்த வழியில்லை. பக்கத்தில் அவர் தாயாரின் தையல் இயந்திரம். ஆகவே வேறு வழி தேடினோம். ஆடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளிப்புக் கதிர் அதைப்போல் இரு மடங்கு திரும்பும் என்று படித்திருக்கிறீர்கள். திரையை 10 பாகை சாய்த்தால் சன்னலின் பிம்பம் 20 பாகை விலகும். எழுத்து வெளிறாத அளவுக்குத் திரையைச் சாய்த்து, சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடர்நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டார். மேற்பாதி ஒளி தையலுக்கு. கீழ்ப்பாதி இருள் படிப்புக்கு. புதுத் திரை வாங்காமலே வேலை முடிந்தது.

சிந்தித்துப் பாருங்கள்

1. மழை பெய்த இரவில், சாலை நனைந்திருக்கும்போது, தம் வண்டியின் விளக்கொளியிலேயே ஓட்டுநருக்குச் சாலை சரியாகத் தெரிவதில்லை. ஏன்?

2. தேய்த்து மங்கலாக்கிய சன்னல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் தெளிந்த ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டினால், அந்த இடத்தில் மட்டும் வெளியே உள்ளவை தெளிவாகத் தெரிகின்றன. ஏன்? (மடிக்கணினித் திரையில் இதைச் செய்துவிடாதீர்கள்!)