பள்ளியிலிருந்து கல்லூரிக்கு: குன்னம் வட்டாரப் பெற்றோருக்கும் ஊராட்சிகளுக்கும் சில யோசனைகள்

மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்திற்கும் பெயர் பெற்ற பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் அண்மை ஆண்டுகளில் வேறொரு விளைச்சலுக்கும் பெயர் பெற்றுள்ளது. 2022-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பெரம்பலூர் மாவட்டம் 97.95 விழுக்காடு தேர்ச்சி பெற்று மாநிலத்தில் முதலிடம் அடைந்தது. 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்விலும் அம்மாவட்டமே முதலிடம் பெற்றது. 2024-இல் பத்தாம் வகுப்பிலும், 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூர் மாவட்டம் முதலில் நின்றது. பின்னதில் அதன் தேர்ச்சி 98.82 விழுக்காடு. குன்னம் சட்டமன்றத் தொகுதியின் கிராமங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் பரவியிருப்பதால், இரு பெருமைகளிலும் அவற்றிற்குப் பங்கு உண்டு.

ஆயினும், கதிர் முற்றிவிட்டது என்பதனால் மட்டும் தானியம் குதிருக்கு வந்து சேர்ந்துவிடுவதில்லை என்பதை உழவர்கள் அறிவார்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. நன்றாகத் தேறிய பிள்ளைகளில் சிலர் அந்தச் சில வாரங்களில்தான் படிப்பை இழக்கின்றனர். சான்றிதழ் உரிய காலத்தில் கிடைக்காமையும், விண்ணப்பிக்கும் கடைசி நாள் தெரியாமையும், தரகர் சொல்லை நம்பி முன்பணம் கட்டுதலும் இதற்குக் காரணங்களாகும். இவற்றுள் ஒன்றேனும் பிள்ளையின் அறிவுக் குறைவால் நேர்வதன்று. பெற்றோரும் ஊராரும் முன்கூட்டித் திட்டமிட்டால் இவை அனைத்தையும் தவிர்க்கலாம்.

பதினோராம் வகுப்பிலேயே தொடக்கம்

கல்லூரிக்கான ஆயத்தம், பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த மாணவன் பின்னர்ப் பொறியியல் கல்லூரியை நாடுதல் இயலாது. உயிரியல் படிக்காதவருக்கு மருத்துவப் படிப்பு இல்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டே தரவரிசை அமைக்கின்றனர். ஆகவே, நண்பன் சேர்ந்த பிரிவு என்பதற்காகச் சேராமல், இரண்டாண்டுகளுக்குப் பின் எங்குச் செல்ல விரும்புகிறோம் என்று எண்ணிச் சேர வேண்டும்.

பதினோராம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு தேவையில்லை என்று 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவிக்கப்பட்டது. இதனால் அவ்வகுப்புப் பாடங்களை மேலோட்டமாகப் படித்தால் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. கல்லூரி முதலாண்டில் கற்பிக்கும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பதினோராம் வகுப்புப் பாடங்களின் மேல்தான் எழுப்பப்படுகின்றன. கடைக்கால் பறிக்காமல் சுவர் எழுப்புவாருண்டோ?

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிவாக்கப்பட்டது. நன்கு படிக்கும் பிள்ளையைக் கடன் வாங்கியேனும் தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புச் சேர்க்க எண்ணும் பெற்றோர், அதனால் இவ்வுரிமை கைவிட்டுப் போகும் என்பதையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்கள்

தேர்வு முடிவு வந்த பின் இ-சேவை மையத்தில் கூட்டம் மிகுந்துவிடும். ஆதலால் பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறைக்குள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றிற்கு விண்ணப்பித்துவிடுதல் நலம். வருமானச் சான்றிதழுக்குக் கால வரம்பு உண்டு. பழையது கையில் இருந்தால் சேர்க்கையின்போது அது செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தில் அதுவரை எவரும் பட்டம் பெறாதிருந்தால், தொழிற்கல்வியில் சேரும் முதற்பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-11 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இச்சலுகை என்பதால், யார் பெயரில் பெறுவது என்பதை வீட்டில் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

பெயர்ப் பிழை சிறிதாகத் தோன்றிப் பெருந்தொல்லை தரும். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், மதிப்பெண் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயரோ தலைப்பெழுத்தோ பிறந்த தேதியோ இருந்தால், உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேராமல் நின்றுவிடக்கூடும். மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்கி, அதனுடன் ஆதார் எண்ணை இணைத்து, பிழையிருப்பின் பள்ளியில் படிக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும்.

எக்கல்லூரி, எப்பாடம்

1965-இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி தோன்றும் வரை இப்பகுதி மாணவர்கள் கல்லூரிக் கல்விக்குத் திருச்சிராப்பள்ளியையோ சிதம்பரத்தையோ நாட வேண்டியிருந்தது. இன்று குரும்பலூர், வேப்பந்தட்டை ஆகிய ஊர்களில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளும், வேப்பூரில் பெண்களுக்கான அரசுக் கல்லூரியும் உள்ளன. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமாயின், அதனைத் தாழ்வாக எண்ணித் தொலைவிலுள்ள கல்லூரிக்குப் பெரும்பணம் கட்ட வேண்டியதில்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணைக் கொண்டே பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குத் தரவரிசை அமையும். தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் ஆகியவற்றுக்கு அந்தந்த மொழிப் பாட மதிப்பெண்ணே அளவாகும். ஒரே பாடத்தையும் ஒரே கல்லூரியையும் குறிப்பிட்டுவிட்டுக் காத்திராமல், இரண்டு மூன்று விருப்பங்களைக் கொடுப்பது அறிவுடைமை.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஊர் வழக்கத்தைப் பின்பற்றுவதைவிட, பிள்ளையின் விருப்பத்தையும் நம் வட்டாரத்தின் வளத்தையும் கருதலாம். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய அடிமரம் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகறியச் செய்தார். அரியலூரில் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு சிமெண்டு ஆலைகள் நடைபெறுகின்றன. இத்தகைய மண்ணில் பிறந்தவர்களுக்கு நிலவியல் அயலான பாடமன்று. வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவையும் அவ்வாறே நம் வாழ்வோடு ஒட்டியவை. பட்டப்படிப்பில் நாட்டமில்லாதவர்கள் பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்வதும் மதிப்பிற்குரிய வழியே. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரவும் வழி உண்டு.

தேர்வில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடைபெறுகிறது. அதில் தேறினால் ஓராண்டு வீணாகாமல் கல்லூரியில் சேர முயலலாம். அந்த நாட்களில் அவர்களைக் கடிந்துரைக்காமல் அருகிருந்து ஊக்குவிப்பது பெற்றோரின் முதற்கடமையாகும்.

பணமும் பாதுகாப்பும்

கல்லூரிக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. பேருந்து, நூல்கள், உடை, தேர்வுக் கட்டணம், விடுதி ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, எந்த மாதம் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டால் தேவையற்ற கடன் குறையும்.

அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்திற்கு அளிக்கப்பட்ட உதவியே இவ்வாறு படிப்புக்கான உதவியாக மாற்றியமைக்கப்பட்டது. மகளுக்குத் திருமணச் செலவுக்கெனப் பணம் சேர்க்கும் பெற்றோர் இம்மாற்றத்தின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மாணவர் விடுதிகளும் பல்வேறு உதவித்தொகைகளும் உள்ளன. விதிகள் மாறக்கூடியவையாதலால், சேரும் ஆண்டில் நடைமுறையிலுள்ளவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால், நிலத்தை அடகு வைப்பதற்கும் வட்டிக்காரரிடம் போவதற்கும் முன் வங்கியை நாடுக. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் முறைப்படி 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை; படிப்பு முடிந்து ஓராண்டு சென்ற பின்னரே தவணை தொடங்கும்.

இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகரிடம் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தல் ஆகாது. கல்லூரிகளும் சரிபார்த்த பின் மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாக விலகும் மாணவருக்குக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அவ்வறிவிப்பின் விதி. எந்தப் பணம் கட்டினாலும் ரசீது பெறுக. நுட்பக் கல்வி, செவிலியர் கல்வி போன்றவற்றில் உரிய மன்றத்தின் அங்கீகாரம் அப்படிப்புக்கு உண்டா என்று கேட்ட பின்னரே சேர்க்க வேண்டும்.

கல்லூரிக்கேற்ற பழக்கங்கள்

தமிழ்வழியில் பயின்ற மாணவர் பலர், கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும்போது முதற்பருவத்தில் திகைத்துப் போகின்றனர். தேர்வு முடிந்த விடுமுறையில் இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பொருளடக்கத்துடன் வெளிவருகின்றன. தாம் முன்னரே தமிழில் கற்ற பாடத்தை, ஆங்கிலப் பாடநூலில் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் படித்து, கலைச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் இருமொழியிலும் எழுதி வரலாம். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே புதிதாகும், அச்சம் நீங்கும்.

கல்லூரியில் ஆண்டுக்கு இரு பருவத் தேர்வுகள் நடைபெறும். பொதுவாக 75 விழுக்காடு வருகை இன்றியமையாதது. அறுவடைக்கும் களையெடுப்பிற்கும் பிள்ளையை அடிக்கடி நிறுத்திக்கொள்ளும் வீட்டார் இதை நினைவில் வைக்க வேண்டும். முதற்பருவத்தில் தவறிய பாடம், அடுத்த பருவத்தின் சுமையோடு சேர்ந்து பெருகும்.

ஊராட்சியின் பங்கு

மே முதல் நாள் நடைபெறும் கிராம சபைக் கூட்டம் இதற்கு மிகப் பொருத்தமான காலமாகும். அண்மை ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத் தொடக்கத்திலேயே வெளியாயின. அக்கூட்டத்தில் பின்வருவனவற்றை ஊராட்சி மேற்கொள்ளலாம்.

1. அவ்வாண்டு தேர்வெழுதிய மாணவ மாணவியரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொருவரும் என்ன படிக்க விரும்புகின்றனர், எச்சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை என்று குறித்தல்.

2. விண்ணப்பக் கடைசி நாட்களை ஊராட்சி அலுவலகத்திலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் எழுதி ஒட்டுதல்.

3. ஊரில் ஏற்கெனவே கல்லூரியில் பயிலும் இளைஞர்களைக் கொண்டு, நூலகத்தில் மாலை வேளைகளில் விண்ணப்பம் நிரப்ப உதவுதல்.

4. சேராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் வீட்டிற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவினருடன் சென்று காரணம் கேட்டறிதல். பெண் குழந்தைகளின் படிப்பு நிறுத்தப்படுமாயின் பெற்றோரிடம் பொறுமையோடு பேசுதல்.

5. முதற்பருவம் முடியும் வரை அப்பட்டியலை மூடி வைக்காமல், இடையில் நின்றவர் உண்டா என்று அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் மீண்டும் பார்த்தல்.

இவற்றுக்குத் தனி நிதி வேண்டியதில்லை. அக்கறையும் ஒழுங்கும் இருந்தால் போதும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவர், சித்திரை வைகாசியிலேயே நிலத்தை உழுது ஆயத்தம் செய்கின்றனர். பிள்ளைகளின் கல்விக்கும் அவ்வாறே பருவம் உண்டு. தேர்ச்சியில் மாநிலத்திற்கே வழிகாட்டிய மாவட்டங்களின் கிராமங்கள், தேறிய ஒவ்வொரு பிள்ளையையும் உயர்கல்வியின் வாயில் வரை கொண்டு சேர்ப்பதிலும் வழிகாட்டட்டும்.