டவர் இல்லாத மலையில் வழி காண்பது எப்படி? ஓரியன்டீரிங் தரும் பாடங்கள்

"கையில போன் இருக்கு, அதுல மேப் இருக்கு, அப்புறம் என்ன பயம்?" மலையேற்றத்துக்கோ, காட்டு வழி நீண்ட தூர ஓட்டத்துக்கோ கிளம்புகிற பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஊருக்குள் அது சரி. டவர் இல்லாத மலைச்சரிவில், மாலை ஐந்தரை மணிக்கு, சார்ஜ் 9 சதவீதத்தில் நிற்கும்போது அது போதாது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை வீட்டில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நல்ல வழிகாட்டி ஓரியன்டீரிங் என்ற விளையாட்டு.

ஓரியன்டீரிங் என்றால் என்ன?

வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, காட்டில் குறிக்கப்பட்ட இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து ஓடும் போட்டி இது. ஒவ்வொரு இடத்திலும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஒரு கொடி தொங்கும். நார்வே, சுவீடன் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய விளையாட்டு. இதன் நீண்ட வடிவம் 'ரொகெய்ன்'. 1970களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. முழு அளவிலான போட்டி 24 மணி நேரம். இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவாகத்தான் கலந்துகொள்ள முடியும்.

இரண்டு விதிகளைக் கவனியுங்கள். வழி காண ஜிபிஎஸ் பயன்படுத்தக் கூடாது. குழுவினர் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. நாம் போட்டிக்குப் போகாவிட்டாலும், மலைக்குப் போகிற யாருக்கும் இந்த இரண்டும் பயன்படும்.

போன் என்ன செய்யும், என்ன செய்யாது?

ஜிபிஎஸ் வேலை செய்ய டவர் தேவையில்லை. செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்தால் போதும். ஆனால் திரையில் தெரியும் மேப் இணையத்திலிருந்து வருகிறது. அதனால்தான் காட்டுக்குள் நீலப் புள்ளி மட்டும் தெரியும், சுற்றிலும் வெறுமையாக இருக்கும். கிளம்பும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்:

• போகும் பகுதியின் மேப்பை ஆஃப்லைனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் ஆஃப்லைனில் வாகன வழியைத்தான் சொல்லும், நடைவழியைச் சொல்லாது. ஒற்றையடிப் பாதை பலவும் அதில் இருக்காது.

• இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்களை அதன் இணையதளத்தில் பெறலாம். உங்கள் பகுதிக்கானதைத் தாளில் அச்சிட்டு, தண்ணீர் படாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

• டவர் இல்லாத இடத்தில் போன் சிக்னலைத் தேடிக்கொண்டே இருப்பதால் சார்ஜ் வேகமாகக் குறையும். ஃபிளைட் மோடில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

• போனையும் பவர் பேங்கையும் திசைகாட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றில் உள்ள காந்தம் முள்ளைத் திருப்பிவிடும்.

வரைபடத்தைப் படிக்க மூன்று பழக்கங்கள்

ஒன்று, வரைபடத்தை நிலத்தோடு பொருத்திப் பிடிப்பது. திசைகாட்டியைத் தாளின் மேல் வைத்து, தாளின் வடக்கும் முள்ளின் வடக்கும் ஒன்றாகும்வரை தாளைத் திருப்புங்கள். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. இப்போது தாளில் வலப்பக்கம் இருக்கும் குன்று, கண்ணுக்கும் வலப்பக்கமே இருக்கும்.

இரண்டு, கட்டைவிரலைத் தாளில் நீங்கள் நிற்கும் இடத்தில் வைத்து, நடக்க நடக்க நகர்த்துவது. "இப்ப எங்க இருக்கோம்?" என்ற கேள்விக்கு எப்போதும் விடை கையில் இருக்கும்.

மூன்று, சமஉயரக் கோடுகளைப் பார்ப்பது. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்தான சரிவு. தள்ளித் தள்ளி இருந்தால் சாய்வு குறைவு. கோடுகள் கூராக மடங்கி, அந்தக் கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கினால் அது ஓடைப் பள்ளம். தாழ்வான பக்கத்தை நோக்கினால் மலைமுகடு.

நேரக் கணக்கு: எல்லோரும் தவறவிடும் இடம்

1892இல் ஸ்காட்லாந்தின் மலையேறி நைஸ்மித் ஓர் எளிய கணக்கு சொன்னார். இன்றும் அது பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

ஒரு உதாரணம். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். உங்கள் பாதை 8 செ.மீ. நீளம், அதாவது 4 கிலோமீட்டர். வழியில் 20 மீட்டர் இடைவெளியுள்ள 30 கோடுகளைக் கடந்து ஏறுகிறீர்கள், அதாவது 600 மீட்டர் ஏற்றம். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 60 நிமிடம், மொத்தம் 1 மணி 48 நிமிடம். "நாலு கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்துல போயிடலாம்" என்று நினைத்தவர் இங்கேயே முக்கால் மணி நேரம் பின்தங்கிவிடுவார். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. ஓய்வு, சாப்பாடு, வெயில், கூட வரும் குழந்தை இவற்றுக்கெல்லாம் தனியாக நேரம் சேர்க்க வேண்டும்.

இதை வைத்துத் 'திரும்பும் நேரம்' ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் நன்றாக இருட்டிவிடும். மலைக்குப் பின்னால் சூரியன் இன்னும் சீக்கிரமே போய்விடும். பகல் ஒரு மணி என்று குறித்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கே போய் நின்று விவாதிக்கக் கூடாது.

வழி தவறாமல் நடக்க

*கூடவே வரும் அடையாளம்:* ஓடை, வேலி, முகடு, தேயிலைத் தோட்டத்தின் எல்லை என நீளமாகப் போகும் ஒன்றைப் பிடித்து அதன் ஓரமாகவே நடங்கள்.

*தடுத்து நிறுத்தும் அடையாளம்:* "இந்தச் சாலையைத் தொட்டுட்டா நாம தாண்டி வந்துட்டோம்னு அர்த்தம்" என்று சொல்லக்கூடிய ஒன்றை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்.

*வேண்டுமென்றே ஒரு பக்கம் ஒதுங்குவது:* திசையில் 5 டிகிரி பிசகினால், ஒரு கிலோமீட்டரில் சுமார் 87 மீட்டர் விலகிப் போவோம். ஓடையின் மேலுள்ள பாலத்துக்கு நேராகக் குறிவைத்தால், ஓடையை அடைந்த பிறகு பாலம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. கொஞ்சம் இடப்பக்கமாகவே குறிவைத்துப் போனால், ஓடை வந்ததும் சந்தேகமில்லாமல் வலப்பக்கம் திரும்பலாம்.

*அடி எண்ணுவது:* 100 மீட்டர் நடக்க உங்கள் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி வையுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 வரை வரும். பனிமூட்டத்தில் தூரம் அறிய இதுவே உதவும்.

வழி தவறிவிட்டால்

1. நில்லுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். பதற்றத்தில் வேகமாக நடப்பதுதான் பெரிய ஆபத்து.

2. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது? வந்த வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அங்கே திரும்புங்கள்.

3. "ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊர் வந்துடும்" என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்பாதீர்கள். ஓடை அருவியாகக் குதிக்கும். யானையும் காட்டெருமையும் தண்ணீருக்கு வரும் இடமும் அதுதான்.

4. 112ஐ அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அவசர அழைப்பு போகக்கூடும். மேப்பில் நீலப் புள்ளியை அழுத்தினால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லுங்கள். அழைப்பு நிற்காத இடத்தில்கூட குறுஞ்செய்தி போய்விடலாம். அதே எண்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.

5. விசில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். இது உலகெங்கும் மலையேறிகள் அறிந்த அபாய அறிவிப்பு. இரவில் டார்ச்சால் இதையே செய்யலாம்.

6. இருட்டிய பிறகு நடக்காதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருங்கள்.

வானிலையும் தீயும்

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென்று குளிர்காற்றும் மழையும் வந்து 21 பேர் உயிரிழந்தார்கள். பழக்கப்பட்ட ஓட்டக்காரர்களும் அதில் இருந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான் அணிந்திருந்தார்கள். அந்தப் பகுதியின் ஆடு மேய்ப்பவர் ஒருவர் தம் குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். காலையில் வெயில் அடித்தாலும் காற்று புகாத மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மழையில் நனைந்து காற்றில் நின்றால் உடல் சூடு வேகமாகக் குறையும்.

நம் மாநிலத்தில் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி, மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். கோடையில் பாதைகளை மூடுவது இதனால்தான். அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. தேடி வருவது யார்? 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவு அறிவிக்கப்பட்டது. வழிகாட்டி உடன் வருவார். எந்தப் பாதை எப்போது திறந்திருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஒரு குறுஞ்செய்தி

வீட்டில் ஒருவருக்கு இந்த ஐந்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்: எந்தப் பாதை, யார் யார், எங்கே வண்டியை நிறுத்துகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிவரை தகவல் இல்லாவிட்டால் 112ஐ அழைக்க வேண்டும். திரும்பியதும் "வந்துட்டோம்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ பழகிப் பாருங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, அச்சிட்ட வரைபடத்தோடு ஒரு கிலோமீட்டர் நடங்கள். 100 மீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். நிற்கும் இடத்தைத் தாளில் குறித்துவிட்டு, பிறகு போனில் சரிபாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.