முதலில் உணவா, கருவியா?

வறிய குடும்பத்துக் குழந்தைகளின் கல்விக்கென ஒதுக்கப்படும் நிதி எல்லையற்றதன்று. ஆகவே, உணவு, குடிநீர், உடல்நலம் ஆகிய அடிப்படைத் தேவைகள் நிறைவெய்திய பின்னரே தொழில்நுட்பக் கருவிகளுக்குச் செலவிட வேண்டுமா என்னும் வினா திட்டமிடுவோர் முன் அடிக்கடி எழுகின்றது. இதற்கு நம் நாட்டின் அனுபவமே ஓரளவு விடை தருகின்றது.

ஊருக்கொரு பெட்டி

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்கா இரவலாக அளித்த ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா (இன்றைய ஒடிசா), ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களின் பின்தங்கிய பகுதிகளில் சுமார் 2,400 சிற்றூர்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. வறுமை நீங்கட்டும் என்று காத்திருந்தால் இச்சோதனை தொடங்கியே இராது. எனினும், பெட்டிகளை அனுப்பியதோடு பணி முடிந்துவிடவில்லை. வீட்டுக்கொன்றாக அன்றி, ஊருக்கொன்றாகப் பொது இடத்தில் பெட்டி வைக்கப்பட்டது. மின்வசதியற்ற ஊர்கள் சிலவற்றில் மின்கலங்கள் அளிக்கப்பட்டன. சுமார் 50,000 ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் வழங்கப்பட்டது. கருவி இயங்குவதற்குத் தேவையான அடிப்படை வசதிகளும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே அமைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

2020-இன் படிப்பினை

2020-இல் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைப்பேசிக்கும் கணினிக்கும் மாறின. ஆனால் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, ஊரகக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தினரிடமே கணினி இருந்தது. இணைய வசதி பெற்றிருந்தோர் 14.9 சதவீதத்தினர். அதே வேளையில், பள்ளியில் சமைத்துப் பரிமாறப்பட்ட நண்பகல் உணவும் நின்று, அதற்கு ஈடாகத் தானியமோ தொகையோ வழங்க நேர்ந்தது. ஏழைக் குழந்தைக்குப் பாடமும் உணவும் ஒருங்கே கிடைக்குமிடம் பள்ளியே என்பது இதனால் தெளிவாயிற்று.

முன்னுரிமை எதற்கு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். 6 முதல் 59 மாத வயதுடையோரில் 67.1 சதவீதத்தினர் இரத்தச் சோகையுற்றவர்கள். கருவியை அடுத்த ஆண்டிலும் வாங்கலாம். இளமையில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடுசெய்தல் அரிது. எனவே, ஒரே ரூபாய்க்கு இரண்டும் போட்டியிடுமாயின் உணவுக்கே முன்னுரிமை அளித்தல் வேண்டும்.

ஆயினும், எல்லாக் கருவிகளும் உணவோடு போட்டியிடுவனவல்ல. பலருக்குப் பொதுவாக அமைவதும், ஆசிரியருக்குத் துணைநிற்பதுமான கருவிக்குக் குழந்தை ஒன்றுக்கு ஆகும் செலவு குறைவு. அதனைத் தள்ளிப்போடத் தேவையில்லை. கருவி வாங்கும் திட்டம் எதுவாயினும், அதற்கு ஒப்புதல் அளிக்குமுன் அலுவலர் மூன்றினை ஆராய்தல் நலம்: மின்சாரமும் பழுதுபார்க்கும் ஏற்பாடும் உள்ளனவா? ஆசிரியர் பயிற்சி பெற்றுள்ளாரா? இச்செலவால் குழந்தையின் உணவிலோ மருத்துவத்திலோ குறைவு நேருமா? இம்மூன்றுக்கும் நிறைவான விடை கிடைப்பின், கருவியும் உணவும் ஒரே வகுப்பறையில் ஒருங்கே இடம்பெறத் தடையேதுமில்லை.